ஸ்டேட்டஸ்ல வர்ற வசனமும் எரேமியா எழுதின லெட்டரும்

புது வருஷம் பொறந்த அன்னைக்கு காலைல எந்தக் கிறிஸ்தவக் குடும்பத்து வாட்ஸப் குரூப்பைத் திறந்தாலும் எரேமியா 29:11 இருக்கும். பின்னாடி சூரிய உதயம், மேல தங்கக் கலர் எழுத்து, கீழ சபை பேரு. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு"ன்னு ஆரம்பிக்கிற வசனம். எனக்கும் ரொம்பப் பிடிச்ச வசனம்தான், சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினது. ஆனா இதுக்கு முன்னாடி இருக்கிற பத்து வசனத்தையும், அதுக்கும் முந்தின ரெண்டு அதிகாரத்தையும் அனுப்புறவங்க படிச்சிருப்பாங்களான்னு யோசிச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு.

நடந்தது என்னன்னா, கி.மு. 597ல நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடிச்சு எகொனியா ராஜாவையும் பெரிய மனுஷங்களையும் கைவேலைக்காரங்களையும் பாபிலோனுக்குக் கொண்டு போயிட்டான். ஊர்ல மிச்சம் இருந்தவங்களுக்கும் சரி, அங்க போனவங்களுக்கும் சரி, ஒரே கேள்வி, எப்போ திரும்புவோம்? அப்போ அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லார் முன்னாலயும் நின்னு ரெண்டே வருஷம், ஆலயத்துப் பாத்திரம் எல்லாம் திரும்பி வந்துரும், ராஜாவும் வந்துருவார்னு சொல்றான். பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கிறதுக்கு அடையாளமா தீர்க்கதரிசி எரேமியா கழுத்துல போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைச்சும் போடுறான். ஜனங்க அதைத்தான் கேட்க ஆசைப்பட்டாங்க. எரேமியாவே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக"ன்னுதான் முதல்ல சொல்றாரு, அவருக்கும் ஆசை இல்லாம இருக்குமா. ஆனா அது நடக்காதுன்னு அவருக்குத் தெரியும்.

அதுக்கு அப்புறம்தான் 29ஆம் அதிகாரம், அது பாபிலோன்ல இருக்கிறவங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின லெட்டர். வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணுங்க, உங்களைச் சிறைபிடிச்சுக் கொண்டு போன அந்தப் பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, சீக்கிரம் திரும்பிடலாம்னு சொல்ற தீர்க்கதரிசிங்க பேச்சைக் கேட்காதீங்க, எழுபது வருஷம் ஆகும். இதெல்லாம் சொல்லி முடிச்சிட்டுத்தான் அந்த 11ஆம் வசனம் வருது. எழுபது வருஷம்னா அந்த லெட்டரை வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பப் போறதில்ல, பேரப்பிள்ளைங்கதான் திரும்புவாங்க. அப்படிப்பட்டவங்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. இப்போ அதே வசனத்தை "இந்த வருஷம் உங்க காத்திருப்பு முடியுது"ன்னு போட்டு அனுப்பும்போது எரேமியா வாயில அனனியாவோட செய்தியை வைக்கிறோம். வசனத்துல ஒரு எழுத்து மாறல, அர்த்தம் தலைகீழா போயிருச்சு.

டிஜிட்டல் மீடியா வேத வாசிப்பை மாத்துதுன்னு பேச்சு வந்தா பெரும்பாலும் சர்ச்சுக்குப் போன் கொண்டு வரலாமா, பைபிள்னா கையில புஸ்தகம் வேண்டாமா, பக்கம் திருப்புற சத்தம் போச்சேன்னுதான் பேசுறோம். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். நாம எதை ஒரு "முழுசு"ன்னு நினைச்சு வாசிக்கிறோம்ங்கிறதுதான் முக்கியமா படுது. லெட்டரை லெட்டரா வாசிக்கிறோமா, கதையைக் கதையா வாசிக்கிறோமா, இல்ல ஒரு ஸ்க்ரீன்ல அடங்குற துண்டு மட்டும்தான் வேதம்னு ஆயிருச்சா?

இந்தத் துண்டு போடுற வேலையைப் போன்தான் ஆரம்பிச்சுதுன்னு சொன்னா அது அநியாயம். பவுல் ரோமருக்கு எழுதினப்ப அதிகாரம் கிடையாது, வசன நம்பர் கிடையாது. இன்னைக்கு நாம பயன்படுத்துற அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாரிஸ்ல பாடம் நடத்தின ஸ்டீபன் லாங்டன் போட்டதுன்னு சொல்வாங்க, புதிய ஏற்பாட்டு வசன நம்பர் 1551ல ராபர்ட் எஸ்டியென்ங்கிற அச்சுக்காரர் போட்டது. எபிரெய வேதத்துல வசனம் பிரிக்கிற வழக்கம் அதைவிடப் பழசு. ஒரு இடத்தைச் சட்டுனு கண்டுபிடிக்கத்தான் நம்பர் போட்டாங்க, ஆனா நம்பர் போட்டதும் ஒவ்வொரு வசனமும் தனித்தனிச் சரக்கு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் நம்ம வீடுகள்ல இருந்த வாக்குத்தத்த அட்டை, அந்தச் சின்ன டப்பாவுல சுருட்டி வச்சிருப்பாங்களே, கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுக்கணும், அதுவும் இதே குடும்பம்தான்.

அதைவிடச் சுவாரஸ்யமானது ஹெர்ன்ஹுட் கதை. ஜெர்மனில சாக்ஸனி பகுதியில இருக்கிற சின்ன ஊரு, மொரேவியன் சகோதரர்கள்ங்கிற புராட்டஸ்டன்ட் கூட்டம் குடியேறின இடம், ஸின்ஸென்டார்ஃப் பிரபுதான் அவங்களுக்குத் தலைவர். 1728ல அவர் சபைக்கு தினம் ஒரு வசனம் கொடுக்க ஆரம்பிச்சாரு, 1731லிருந்து அதைப் புஸ்தகமாவே அச்சடிக்கிறாங்க, பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப் போட்டு எடுக்கிறது. இன்னைக்கும் வருஷா வருஷம் வருது, ஐம்பதுக்கு மேல மொழிகள்ல. ஆரம்ப நாட்கள்ல அந்த வசனத்தை ஒருத்தர் வீடு வீடா கொண்டு போய்ச் சொல்வாராம். இன்னைக்கு நம்ம போன்ல டிங்னு வர்ற "இன்றைய வசனம்" இதுக்குப் பேரப்பிள்ளைதான், ஆனா அங்க ஊர் முழுக்க அன்னைக்கு ஒரே வசனம், வாசல்ல நின்னு சொல்ல ஒரு ஆள், சொன்னதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேச பக்கத்து வீடு. போன்ல அந்த ஆளைக் காணோம்.

போன் புதுசா கொண்டு வந்தது இன்னொண்ணும் இருக்கு. எது பிடிக்குதோ அது திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவுல ஓக்லஹோமாவுல இருக்கிற லைஃப் சர்ச் ஆரம்பிச்ச யூவெர்ஷன் பைபிள் ஆப் 2008 ஜூலைல ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்தப்பவே உள்ள இருந்துச்சு, இன்னைக்கு உலகத்துல அதிகம் பேர் வச்சிருக்கிற பைபிள் ஆப் அதுதான். வருஷக் கடைசில எந்த வசனத்தை ஜனங்க அதிகமா தேடினாங்க, ஷேர் பண்ணாங்கன்னு அவங்களே சொல்வாங்க. 2020ல, அந்தக் கொரோனா வருஷத்துல, ஏசாயா 41:10. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." 2024ல பிலிப்பியர் 4:6, ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள். ஜனங்க எவ்வளவு பயந்து போயிருக்காங்கன்னு இதுலயே தெரியுது, அதைப் பார்க்கும்போது எனக்கு யார் மேலயும் கோபம் வரல. ஆனா ஷேர் ஆகுறது இன்னும் ஷேர் ஆகும், லைக் வர்ற வசனத்தைத்தான் அடுத்த டிசைன் பண்றவரும் எடுப்பாரு, அப்படியே போயி ஒரு சின்ன பைபிள் உருவாகுது, முழுக்க ஆறுதல், முழுக்க வாக்குத்தத்தம். சங்கீதம் 88ஐ ஸ்டேட்டஸ்ல வச்ச யாரையும் நான் பார்த்ததில்ல. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கிட்டீர்னு தேவன்கிட்டயே சொல்லி, ஒரு நம்பிக்கை வார்த்தை கூட இல்லாம இருட்டுலயே முடியுற சங்கீதம் அது. அது ஏன் வேதத்துல இருக்கு? வருஷக்கணக்கா ஜெபிச்சும் பதில் வராத ஒரு மனுஷன் பேசுறதுக்கு வேதத்துக்குள்ள ஒரு இடம் வேணும்னுதான் இருக்கு. வெறும் வாக்குத்தத்தமா மட்டுமே வேதத்தைப் பார்த்து வளர்ற பிள்ளைக்கு, வீட்டுல ஒரு சாவு விழும்போது பேச வார்த்தையே இருக்காது.

இதைச் சொன்னப்ப எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வர்ற ஒரு அக்கா வருத்தப்பட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் ஐசியூல இருந்தப்ப உள்ள விடல, வெளிய பெஞ்சுல உட்கார்ந்து யாரோ அனுப்பின அந்த ஏசாயா 41:10 கார்டை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருந்தேன், அதிகாரம் வாசிக்கிற நிலைமையிலயா நான் இருந்தேன் தம்பின்னு கேட்டாங்க. அவங்க சொல்றது சத்தியம். அந்த நேரத்துல ஒரு வரி போதும், அந்த ஒரு வரியைச் சரியான நேரத்துக்குக் கொண்டு வந்து கொடுத்த போனுக்கு நன்றி சொல்லணும். என் கவலை அந்த ராத்திரியைப் பத்தி இல்ல, நல்லா இருக்கிற மிச்ச நாள்லயும் அந்த ஒரு வரியோடயே நிறுத்திக்கிறோமேங்கிறதுதான்.

வார்த்தையை அடிச்சுத் தேடுற பெட்டி (search box) இன்னொரு மாற்றம். முன்னாடி ஒரு வார்த்தை எங்கெங்க வருதுன்னு பார்க்கணும்னா தலகாணி சைஸ்ல கன்கார்டன்ஸ் வேணும், அது போதகர் வீட்டுலதான் இருக்கும். 1950கள்லயே யூனிவாக் கம்ப்யூட்டர்ல ஒரு இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு கன்கார்டன்ஸ் தயார் பண்ணி 1957ல வெளியிட்டாங்க, 1993ல பைபிள் கேட்வே வெப்சைட் வந்துச்சு, இப்போ எங்க வீட்டுப் பொண்ணு பஸ்ல உட்கார்ந்து "கிருபை"ன்னு அடிச்சா மொத்த லிஸ்ட்டும் வந்துருது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா இப்போ வர்ற நிறைய பிரசங்கம் அந்த லிஸ்ட் மாதிரியே இருக்கு, ஒரு வார்த்தையை எடுத்துக்கிட்டு அங்க ஒரு வசனம் இங்க ஒரு வசனம்னு தாவுறாங்க. எஸ்தர் புஸ்தகத்துல, நாம வச்சிருக்கிற எபிரெயத்திலிருந்து வந்த எஸ்தர்ல, கடவுள் பேரே கிடையாது. தேவனோட பாதுகாப்பைப் பத்திப் படிக்கணும்னு அந்த வார்த்தைகளை அடிச்சுத் தேடினா எஸ்தர் வரவே வராது, ஆனா அதைப் பத்தி எஸ்தர் அளவுக்குப் பேசுற புஸ்தகம் எத்தனை இருக்கு? ராஜாவுக்குத் தூக்கம் வராத ஒரு ராத்திரி, யாரோ வாசிச்சுக் காட்டின ஒரு பழைய பதிவு, அதுல மொர்தெகாய் பேரு. பத்து அதிகாரத்தையும் ஒண்ணா வாசிச்சாத்தான் அது புரியும்.

இப்போ நான் மனசார சந்தோஷப்படுற பக்கத்தைச் சொல்றேன். அப்போஸ்தலர் 8:37ஐ நம்ம பழைய தமிழ் பைபிள்ல பாருங்க, எத்தியோப்பிய மந்திரி ஞானஸ்நானம் எடுக்கிறதுக்கு முன்னாடி பிலிப்பு "நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை"ன்னு சொல்றது இருக்கும். இதையே ஆப்ல சில புது மொழிபெயர்ப்புகள்ல தேடினா 36க்கு அப்புறம் நேரா 38, நடுவுல அடிக்குறிப்பு மட்டும். உடனே "பைபிள்ல இருந்து வசனங்களை எடுத்துட்டாங்க, இது கடைசிக் காலம், பத்து பேருக்கு அனுப்புங்க"ன்னு ஃபார்வர்ட் கிளம்பிருது, எங்க குரூப்லயும் வந்துச்சு, வயசானவங்க எல்லாம் பயந்துட்டாங்க.

அதே போன்லயே பதிலும் இருக்கு. சினாய் மலை அடிவாரத்துல இருக்கிற புனித கேத்தரின் மடத்துல பாதுகாத்து வச்சிருந்த 4ஆம் நூற்றாண்டு கையெழுத்துப் பிரதி கோடெக்ஸ் சினைட்டிகஸ், அதோட ஏடுகள் இன்னைக்கு லண்டன், லைப்ஸிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சினாய்னு நாலு இடத்துல பிரிஞ்சு கிடக்கு. அந்த நாலு இடமும் சேர்ந்து போட்டோ எடுத்து 2009 ஜூலைல முழுசா இன்டர்நெட்ல போட்டுட்டாங்க. நிஜத்துல ஒண்ணு சேராத பக்கங்கள் ஸ்க்ரீன்ல ஒண்ணா இருக்கு, காசு கிடையாது, யாரும் பார்க்கலாம். அதுல அப்போஸ்தலர் 8 எடுத்துப் பார்த்தா அந்த 37ஆம் வசனத்தோட வார்த்தைகள் இல்ல. அப்போ யாரும் இப்போ வந்து எடுக்கல, மிகப் பழைய பிரதிகள்லயே இல்ல, பிற்பாடு வந்த சில பிரதிகள்ல இருக்கு, அந்தக் காலத்து அச்சுப் பதிப்புகள்ல இருந்ததால நம்பரும் கிடைச்சுது. அதுக்காக இது யாரோ நேத்து எழுதிச் சேர்த்ததுன்னும் சொல்ல முடியாது, 2ஆம் நூற்றாண்டுல ஐரேனியஸ்ங்கிற சபைத் தலைவர் இந்த அறிக்கையை மேற்கோள் காட்டியிருக்காரு. ஞானஸ்நானம் எடுக்கும்போது ஆதி சபைல சொன்ன விசுவாச அறிக்கை ஓரத்துல எழுதப்பட்டு உள்ள வந்திருக்கலாம்னு படிச்சவங்க சொல்றாங்க. இதை நான் அந்தப் பக்கத்து போட்டோவோட குரூப்ல போட்டேன். கிரேக்கம் வாசிக்க அங்க யாருக்கும் தெரியாது, ஆனா ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல பழசான அந்தத் தோலையும் நாலு நாலு பத்தியா இருக்கிற எழுத்தையும் பார்த்ததும் பயம் போயி ஆர்வம் வந்துருச்சு. ஒரு தலைமுறைக்கு முன்னாடி இது செமினரி புரபசருக்குக் கூட லேசுல கிடைச்சிருக்காது.

ஆடியோ பைபிளும் அப்படித்தான். எங்க பெரியம்மாவுக்குக் கண்ணுல புரை, பெரிய எழுத்து பைபிளும் வாசிக்க முடியாம இருந்தாங்க, இப்போ சமையல் பண்ணிக்கிட்டே மாற்கு சுவிசேஷம் கேட்கிறாங்க, நிறுத்த கை ஒழியாததால அது பாட்டுக்கு அடுத்த அதிகாரம் அடுத்த அதிகாரம்னு ஓடிக்கிட்டே இருக்கு. "உடனே, உடனேன்னு இயேசு ஓடிக்கிட்டே இருக்காருடா"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. வசனம் வசனமா மனப்பாடம் பண்ணினவங்களுக்கு இத்தனை வருஷம் தெரியாத மாற்கோட வேகம் காதுல கேட்டதும் தெரிஞ்சிருச்சு. யோசிச்சா ஆதி சபையும் இப்படித்தான் கேட்டுச்சு. வெளிப்படுத்தல் 1:3ல வாசிக்கிறவன் ஒருத்தன், கேட்கிறவங்க பல பேரு. கொலோசெயர் 4:16ல இந்த நிருபத்தை உங்க சபைல வாசிச்சிட்டு லவோதிக்கேயாவுலயும் வாசிக்க வைங்கன்னு பவுல் சொல்றாரு. எபேசியர் முழுசும் கேட்க அரை மணி நேரம் போதும். ஸ்டேட்டஸ் துண்டு போட்டதை அதே போனோட ஆடியோ திரும்ப ஒட்ட வைக்குது.

ஆனா ஸ்க்ரீன்ல கண்ணால வாசிக்கிறது வேற. 2018ல வந்த ஒரு ஆய்வு, 54 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 1,70,000 பேருக்கு மேல. பேப்பர்ல வாசிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் நல்லா புரியுது, அதுவும் நேரம் குறைவா இருக்கும்போது வித்தியாசம் கூடுது, ஆனா கதையா இருக்கிற எழுத்துல அந்த வித்தியாசம் தெரியல. என் அனுபவமும் இதேதான். ரூத், எஸ்தர், சாமுவேல் எல்லாம் போன்ல தாராளமா வாசிக்கலாம். ரோமர் வாசிக்க முடியல, பவுல் 5ஆம் அதிகாரத்துல சொன்னதை 8ல பிடிக்கும்போது விரல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கணும்னு தேடுது.

இப்போ புதுசா ஏஐ சாட் வந்திருக்கு. பிள்ளைங்க வேதத்துல ஒரு சந்தேகம்னா முதல்ல அதுகிட்டதான் கேட்கிறாங்க. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமான்னு கேட்டுப் பாருங்க, நாலு பத்தி வழுவழுன்னு வரும், சில சமயம் ரெண்டு பக்கமும் நியாயமா சொல்லும். எங்க தெருவுல ஒரு முனைல குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கிற சிஎஸ்ஐ கோயில், இன்னொரு முனைல வளர்ந்து விசுவாசிச்சாத்தான் கொடுக்கிற பெந்தெகொஸ்தே சபை, இந்த ஒரு கேள்விக்காகப் பேச்சுவார்த்தை நின்னுபோன குடும்பங்களும் உண்டு, அதே கேள்வியைப் பேசிப் பேசியே சம்பந்தி ஆனவங்களும் உண்டு. அந்த மனுஷங்களைத் தெரியாம இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? சாட்ல கேட்டா நீ ஏன் இதைக் கேட்குற, வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நம்ம முகத்தைப் பார்த்துக் கேட்க ஆள் கிடையாது. அந்த எத்தியோப்பிய மந்திரிகிட்ட சொந்தமா ஏசாயா சுருள் இருந்துச்சு, அந்தக் காலத்துல அது எவ்வளவு விலை! சத்தமா வாசிச்சுக்கிட்டும் இருந்தாரு. வாசிக்கிறது புரியுதான்னு பிலிப்பு கேட்டதுக்கு, ஒருத்தன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படின்னு சொல்லி ரதத்துல ஏறி பக்கத்துல உட்காரச் சொன்னாரு. அந்த மாதிரி பக்கத்துல உட்கார்ற ஆள் நம்ம பிள்ளைங்களுக்கு இருக்காங்களான்னுதான் நான் பயப்படுறேன்.

அதனால எங்க வீட்டுக் கூட்டத்துல போனைத் தடை பண்ணல. பைபிள் கேட்வே மாதிரி சைட்கள்ல வசன நம்பரையும் தலைப்பையும் மறைச்சு வைக்க ஒரு செட்டிங் இருக்கு, நீங்களும் ஒரு தடவை அப்படி லூக்கா 15ஐ வாசிச்சுப் பாருங்க. "கெட்ட குமாரன்"ங்கிற தலைப்பு போனதும், பாவிகளோட இயேசு சாப்பிடுறாரேன்னு பரிசேயர் முறுமுறுத்ததுக்குப் பதிலாத்தான் இந்தக் கதையே வருதுன்னு தெரியும், திரும்பி வந்த தம்பிக்கு வச்ச விருந்துக்கு மூத்த மகன் உள்ள வந்தானா இல்லையான்னு சொல்லாமலே கதை நின்னுபோறதும் அப்போதான் உறைக்கும். எங்க கூட்டத்துல அன்னைக்கு மூத்த மகனைப் பத்தி மட்டுமே ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினோம், சொத்துத் தகராறுல அண்ணன் தம்பி பேசாம இருக்கிற வீட்டுக்காரங்களும் அதுல இருந்தாங்க. எஸ்தரை ஆடியோவுல ஒரே மூச்சுல கேட்டு முடிச்சாச்சு. அடுத்து ரோமர் ஆரம்பிக்கிறோம், அதுக்கு மட்டும் எல்லாரும் அச்சு பைபிளும் ஒரு பென்சிலும் கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன், பெரியம்மா பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சுக் காட்ட எங்க வீட்டுப் பொண்ணு ஒத்துக்கிட்டா.